லாடெக்கில் தமிழ் இண்டெக்ஸ்: அவனியாபுரத்துக்கு முன்னால் அழகர்கோவில் ஏன் வருகிறது?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்குப் பக்க வடிவமைப்பு செய்தேன். லாடெக் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் யூனிகோடு வகையான ஸீலாடெக்கில்தான். எல்லாம் முடிந்து கடைசிப் படியை வாங்கிப் பார்த்த தமிழாசிரியர் ஒருவர், நேராக ஊர்ப்பெயர் இண்டெக்ஸுக்குப் போய், "ஏன் தம்பி, அவனியாபுரத்துக்கு முன்னாடி அழகர்கோவில் எப்படி வந்துச்சு? வ முந்தியா, ழ முந்தியா?" என்று கேட்டார். அதோடு இரண்டு நாள் போச்சு.

லாடெக் நிறுவுவது, தமிழ் எழுத்துரு அமைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி. சொற்களுக்கு இண்டெக்ஸ் கட்டளை போட்டு ஒருமுறை ஓட்டினால் ஐடிஎக்ஸ் கோப்பு ஒன்று வரும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை: வரிக்கு ஒரு சொல், பக்கத்தில் பக்க எண், புத்தகத்தில் வந்த வரிசையிலேயே. லாடெக்கோடு கூடவே வரும் மேக்இண்டெக்ஸ் என்ற நிரல் இதை வாங்கி, வரிசைப்படுத்தி, ஒரே சொல்லின் பக்க எண்களைச் சேர்த்து ஐஎன்டி கோப்பாக மாற்றித் தரும். அப்புறம் மறுபடி ஸீலாடெக்கை ஓட்டினால் புத்தகத்தின் கடைசியில் வந்துவிடும். ஆங்கிலப் புத்தகம் என்றால் வேலை இத்தோடு முடிந்தது.

தமிழுக்கு முடியாது. மேக்இண்டெக்ஸுக்கு யூனிகோடு தெரியாது, பைட்டுகளைத்தான் ஒப்பிடும். யூனிகோடு அட்டவணையில் வகரத்துக்கு முன்னால் ழகரம், ரகரத்துக்கு முன்னால் னகரம். அதனால் ஆரப்பாளையத்துக்கு முன்னால் ஆனையூர். புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் அணைப்பட்டிக்கு அப்புறம்தான் அண்ணாநகர்.

இரண்டாம் படி. ஐடிஎக்ஸுக்கும் மேக்இண்டெக்ஸுக்கும் நடுவில் ஒரு மாற்றம். சொல்லுக்கு முன்னால் ஒரு வரிசைச் சாவியும் '@' குறியும் சேர்த்தால், சாவியை வைத்து வரிசைப்படுத்தும், சொல்லை மட்டும் அச்சிடும். இருபது சொல் என்றால் கையாலேயே போடலாம். எனக்கு நூற்றுக்கணக்கில் இருந்ததால் பைதான் நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இதற்கு எக்ஸெல் வேண்டாம், என் பேச்சைக் கேளுங்கள்.

சாவி உண்டாக்குவது இப்படி. உயிர், ஆய்தம், மெய், கிரந்தம் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. மெய்க்குப் பின்னால் இன்னொரு குறியீடு: புள்ளி என்றால் முதலாவது, அகரம் என்றால் இரண்டாவது, ஆகாரம் என்றால் மூன்றாவது, இப்படியே ஔகாரம் வரை. அகரத்துக்கு மட்டும் யூனிகோடில் தனிக் குறி கிடையாது என்பதால், அடுத்து வருவது புள்ளியோ உயிர்க்குறியோ இல்லையென்றால் அது அகரம் என்று நீங்களே சேர்க்க வேண்டும்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். குறியீடுகளுக்கு 01, 02 என்று எண்களைக் கொடுத்திருந்தேன். வரிசை இன்னும் மோசமாகி வைகை முதலில் வந்து நின்றது. ஸ்கிரிப்டை எத்தனை தடவை படித்தும் பிழை தென்படவில்லை, ஏனென்றால் பிழை அதில் இல்லை. சாவி முழுக்க இலக்கமாக இருந்தால் மேக்இண்டெக்ஸ் அதை எழுத்தாகப் பார்க்காமல் ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும், அப்போது இரண்டெழுத்துப் பெயர் சின்ன எண்தானே! எண்களைத் தூக்கிவிட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளைப் போட்டேன். ஆங்கில எழுத்து 26தான், நமக்குப் போதாது, அதனால் குறியீட்டுக்கு இரண்டிரண்டு எழுத்து.

மூன்றாம் படி. மாற்றிய கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள், ஸீலாடெக் ஓடும் ஒவ்வொரு தடவையும் பழைய ஐடிஎக்ஸை அழித்துப் புதிதாக எழுதும். மேக்இண்டெக்ஸை ஓட்டும்போது '-o' விருப்பத்தில் பழைய பெயரிலேயே ஐஎன்டி கேளுங்கள். இண்டெக்ஸுக்கான ஐமேக்ஐடிஎக்ஸ் என்ற லாடெக் தொகுப்பு வைத்திருப்பவர்கள் அதில் நோஆட்டோமேட்டிக் விருப்பத்தைப் போடாவிட்டால், அது தானாக மேக்இண்டெக்ஸை ஓட்டி உங்கள் வேலையை மேலெழுதிவிடும். எனக்குச் சாதா மேக்ஐடிஎக்ஸே போதும்.

அ, ஆ என்று ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே வரும் எழுத்துத் தலைப்புகளை மட்டும் போடச் சொல்லாதீர்கள், சாவியின் ஆங்கில எழுத்துதான் தலைப்பில் வந்து நிற்கும்.

பிறகு சேர்த்தது: இதைச் செய்து பார்த்த ஒருவருக்கு சோழவந்தான் இரண்டு தடவை வந்ததாம். ஓகாரத்தை ஒரு விசைப்பலகை ஒரே குறியாகவும் இன்னொன்று இரண்டு குறியாகவும் எழுதியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்று, மேக்இண்டெக்ஸுக்கு இரண்டு. சாவி போடும் முன் பைதானோடு வரும் யூனிகோடுடேட்டா தொகுதியை வைத்து, இரண்டு குறியையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், சாவியை மட்டுமல்ல, சொல்லையும்.

இண்டெக்ஸ் கட்டளையில் ஆச்சரியக்குறி போட்டுத் துணைத் தலைப்பு வைத்திருந்தால், அந்தக் குறியில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சாவி. செங்குத்துக் கோட்டுக்குப் பின்னால் இருப்பது பக்க எண்ணுக்கான கட்டளை, அதைத் தொடவே தொடாதீர்கள்.