வாசல் மேற்கே இருக்கட்டும்: கரீபியன் கடற்கரை ரிசார்ட்டுக்குப் புறப்படும் கொங்குத் தம்பதியருக்கு

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. நொய்யலையும் பவானியையும் அமராவதியையும் அறிந்து வளர்ந்த நமக்குத் தண்ணீர் என்றால் ஆறு, வாய்க்கால், கிணறு, அணை. ஆனாலும் ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் வாசல் எந்தத் திசை என்றுதான் முதலில் கேட்போம். கரீபியன் தீவுகளில் கணவனும் மனைவியுமாக ஒரு வாரம் தங்க நினைப்பவர்கள் அந்தக் கேள்வியையே முதற்கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம். ஊரில் கிழக்குப் பார்த்த வாசலைத் தேடுகிறோம்; அங்கே மேற்குப் பார்த்த கடற்கரையைத் தேட வேண்டும். ரிசார்ட்டின் பெயரும், நட்சத்திரமும், நீச்சல் குளத்தின் படமும் அதற்குப் பிறகுதான்.

காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் அடிக்கும் காற்றையும், அதை நம்பிப் பல்லடத்திலும் உடுமலையிலும் நிற்கும் காற்றாலைகளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கரீபியனில் ஆண்டின் பெரும்பகுதியில் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசுகிறது. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வரும் அந்தக் காற்று கிழக்குக் கரையில் அலையை எழுப்பி மோத வைக்கிறது. தீவின் மறைவில் இருக்கும் மேற்குக் கரையோ பெரும்பாலும் குளம் போல் அமைதியாக இருக்கும். பார்படோஸின் கிழக்குக் கரையில் உள்ள பாத்ஷீபா பார்ப்பதற்கு மிக அழகான இடம், ஆனால் குளிப்பதற்கு ஆபத்தான இடம். மேற்கில் உள்ள ஹோல்டவுன் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் அச்சமின்றி நின்று பேசிக்கொண்டிருக்கலாம். செயின்ட் லூசியாவின் ராட்னி பே, கிரெனடாவின் கிராண்ட் ஆன்ஸ், ஜமைக்காவின் நெக்ரில் ஆகிய புகழ்பெற்ற கரைகள் எல்லாம் அந்தந்தத் தீவின் மேற்கு, வடமேற்கு, தென்மேற்குப் பக்கங்களிலேயே அமைந்திருப்பதை வரைபடத்தில் பார்த்தாலே விளங்கும்.

திசையைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. 2011ஆம் ஆண்டு முதல் சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி பெருந்திரளாக மிதந்து வந்து இந்தத் தீவுகளில் ஒதுங்குகிறது. மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரை இதன் வரத்து அதிகம். கிழக்குப் பார்த்த கரைகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. கரையில் குவிந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியாகி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; வெள்ளிக் கொலுசும் மெட்டியும்கூடக் கறுத்துவிடும். ஆகவே முன்பதிவுக்கு முன்பே ரிசார்ட்டுக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் கரை எந்தத் திசை பார்த்தது, நாங்கள் வரும் மாதத்தில் கடற்பாசி ஒதுங்குமா என்று இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத இடத்தை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து மாதம். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அது உச்சத்தில் இருக்கும். 2024 ஜூன் 29 அன்று பார்படோஸின் கென்சிங்டன் ஓவலில் இந்திய அணி டி20 உலகக்கோப்பையை வென்றதை நாம் அனைவரும் கொண்டாடினோம். அடுத்த சில நாள்கள் அதே அணி பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டு விடுதியிலேயே முடங்கிக் கிடந்ததும், ஜூலை 4 அன்றுதான் தில்லி வந்து சேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். உலகக்கோப்பையை வென்றவர்களுக்கே வழி கிடைக்கவில்லை என்றால் நம் நிலையை எண்ணிப் பார்க்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வானிலை மிக நன்றாக இருக்கும், கட்டணமும் அதற்கேற்ப உயர்ந்திருக்கும். என் கருத்தில் நம்மவர்களுக்கு ஏற்ற காலம் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். கட்டணம் இறங்கியிருக்கும், புயல் பருவம் தொடங்கியிராது. கடற்பாசி வரும் காலம் என்பதால் மேற்குக் கரை என்ற நிபந்தனையை மட்டும் தளர்த்தாதீர்கள். எந்த மாதமானாலும் பயணக் காப்பீடு எடுங்கள்; புயலால் விமானம் நின்றால் கூடுதல் நாள்களின் தங்கும் செலவு அதில் அடங்குமா என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

பலர் தவறு செய்யும் இடம் விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவாகப் பார்படோஸுக்கும் ஜமைக்காவுக்கும் விசா இல்லாமலே செல்லலாம். அதைக் கேட்டதும் மகிழ்ந்து பயணச்சீட்டு வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து அங்கே நேரடி விமானம் இல்லை. வழியில் இறங்கும் நாட்டின் சட்டமே நமக்கு முதன்மையானது. அமெரிக்கா வழியாகச் சென்றால், விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழியாகச் சென்றால், விலக்குத் தரும் விசா எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு, விமானம் மாறிச் செல்வதற்கான டிரான்சிட் விசா தேவை. லண்டனில் வந்திறங்கும் விமான நிலையம் ஹீத்ரோவாகவும் ஏறும் நிலையம் கேட்விக்காகவும் இருந்தால் நாட்டுக்குள் நுழைந்து மாற வேண்டியிருக்கும். அதற்கான விசா வகையும் வேறு. கோவையிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று, அங்கிருந்து லண்டன் வழியாகப் பார்படோஸ் செல்வது நேரான வழி. லண்டனிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மணி நேரப் பறப்பு. பார்படோஸும் ஜமைக்காவும் கேட்கும் வருகைப் படிவத்தை அந்தந்த அரசின் இணையதளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். பக்கத்தில்தானே என்று டிரினிடாடுக்கும் ஒரு நடை போக நினைப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன்பே போட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடு திரும்பும்போது நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

அறை விஷயத்தில் நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். 'கடல் பார்வை' என்று எழுதியிருந்த அறையில், பால்கனியின் ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டினால் மட்டுமே தென்னை ஓலைகளுக்கு இடையில் கடல் தெரிந்தது. கடலுக்கு நேர் எதிரே உள்ள அறைக்கு 'கடல் முகப்பு' என்று தனிப் பெயரும் தனி விலையும் உண்டு. எல்லாம் அடங்கிய கட்டணமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஆல் இன்க்ளூசிவ் கட்டணத்தில் மதுவின் விலையும் சேர்ந்தே இருக்கும். இருவருமே குடிக்காதவர்கள் என்றால், அறையும் காலை உணவும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற வேளைகளில் வெளியே உண்பது பல இடங்களில் சிக்கனமாக இருக்கும். இரவு உணவுக்கு மேசை பதிய வேண்டிய உணவகங்கள் இருந்தால், போய்ச் சேர்ந்த அன்றே எல்லா நாள்களுக்கும் பதிந்துவிடுங்கள். அங்கே ஆண்களுக்கு முழுக்கால் சட்டையும் காலணியும் கட்டாயமாக இருப்பதுண்டு.

சைவ உணவு உண்பவர்கள் 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இறைச்சி, மீன், முட்டை, கோழிச்சாறு எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஜமைக்காவின் 'ரைஸ் அண்ட் பீஸ்' அரிசியையும் பயற்றையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் செய்வது. துவரை போட்டுச் செய்ததை முதல்முறை உண்டபோது எனக்கு நம் அரிசிம்பருப்புச் சோறுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் சில சமையலறைகளில் அதோடு உப்பிட்ட இறைச்சித் துண்டையும் போடுவார்கள். கலலூ என்பது ஜமைக்காவில் நம் தண்டுக்கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த கீரை, டிரினிடாடில் சேப்பங்கிழங்கு இலை. இரண்டிலும் கருவாடோ நண்டோ கலந்திருக்கலாம். கேட்டு உண்டால் குறையில்லை. ஜமைக்காவில் ராஸ்தாஃபாரி என்னும் சமய மரபினர் சமைக்கும் 'ஐடல்' உணவு இறைச்சி சேராதது. நாம் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியில் தட்டிச் செய்யும் பாமி மிக நன்றாக இருக்கும். 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்கும் டிரினிடாடுக்கும் சென்றவர்களின் கைமணம் ரொட்டியிலும் கறியிலும் இன்றும் இருக்கிறது. அந்த உணவை உண்ணும்போது அவர்கள் பட்ட பாட்டையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெட்டியில் பருப்புப்பொடி எடுத்துச் செல்லலாம்; முத்திரையிட்ட பொட்டலமாக எடுத்துச் சென்று சுங்கப் படிவத்தில் குறிப்பிடுங்கள். கறிவேப்பிலை, பழம், விதை வேண்டாம். திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ராணுவ உடையைப் போன்ற பச்சை, பழுப்புத் திட்டு அச்சிட்ட பனியனோ கால்சட்டையோ பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா, டிரினிடாடு ஆகிய நாடுகளில் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் இது பொருந்தும். நம் ஊர்ப் பருத்தி ஆடை நனைந்தால் கனத்துக் காலை இழுக்கும் என்பதால், கடலில் இறங்க நைலான் துணியில் தைத்த முழுக்கை நீச்சலுடையை இருவருமே வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் அதுவே காப்பு. பார்படோஸிலும் ஜமைக்காவிலும் மின்சாரம் 110 முதல் 115 வோல்ட். நம் ஊர்க் கெட்டில் அங்கே கால்பங்கு வேகத்தில்தான் சூடாகும். கைப்பேசி சார்ஜருக்குத் தட்டையான முள் உள்ள அடாப்டர் போதும்.

சுரைப்புருடை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தண்ணீரைக் கண்டு பயம் இருக்காது. கிணற்றுத் தண்ணீர் ஆளை இழுத்துச் செல்லாது, கடல் இழுத்துச் செல்லும். சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்காதீர்கள். தென்னை மரத்தடியில் படுக்கக் கூடாது என்று பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மான்சினீல் மரத்தை அவர்களும் அறிந்திருக்க மாட்டார்கள். கடற்கரையில் வளரும் அந்த மரத்தின் காய் சின்ன ஆப்பிள் போல் இருக்கும். காயும் பாலும் கடும் நஞ்சு. மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் சொட்டும் நீர் பட்டே தோல் கொப்புளித்துவிடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள்.

பார்படோஸ் நேரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால், ஜமைக்கா பத்தரை மணி பின்னால். பல்லடத்தில் காலை பத்து மணிக்கு நூல் விலை கேட்டு யாராவது அழைத்தால் பார்படோஸில் நள்ளிரவு பன்னிரண்டரை. என் கணவர் முதல் இரண்டு இரவுகள் அப்படியே விழித்திருந்தார். மூன்றாம் நாள் முதல் அங்கே காலை எட்டரைக்கு, அதாவது ஊரில் மாலை ஆறு மணிக்கு, அரை மணி நேரம் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்ட பிறகே இருவரும் நிம்மதியாகக் கடலைப் பார்த்து அமர்ந்தோம். இதைப் புறப்படும் முன்பே கணக்குப்பிள்ளையிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்.

கடைசி நாள் அறையைப் பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ ஒப்படைக்க வேண்டும். லண்டன் விமானம் மாலையில்தான் புறப்படும் என்றால், புறப்படுவோர் குளித்து உடை மாற்றத் தனியறை உண்டா என்று முந்தைய நாளே கேட்டு வையுங்கள். உலர்ந்த ஒரு செட் உடையைக் கைப்பையில் மேலாக வைத்து, கடலில் நனைந்ததைப் பிளாஸ்டிக் பையில் தனியே கட்டிக்கொள்ளுங்கள்.