பைக் பாகங்களுக்கு எந்தப் பூச்சு நிற்கும்? ஆர்எக்ஸ் 100ஐ வைத்து ஒரு செய்முறை விளக்கம்

பழைய வண்டியைப் பிரித்துப் போட்டவுடன் பெயின்ட் கடைக்குப் போய், "நல்லா நிக்கிற பெயின்ட் எதுண்ணே?" என்று கேட்போம். எந்தப் பாகத்துக்கு என்று சொல்லாவிட்டால் கடைக்காரர் என்ன பதில் சொல்வார்? டாங்கைக் கெடுப்பது பெட்ரோல். சேசிஸைக் கெடுப்பது கல்லடியும் சேறும். சைலன்சருக்கு எதிரி சூடு. எல்லாவற்றையும் தாங்கும் ஒரே பூச்சு கிடையாது.

யமஹா ஆர்எக்ஸ் 100ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1985 முதல் 1996 வரை இங்கே தயாரான வண்டி. இன்று ஓடுவதில் கடைசியாக வந்ததற்கே வயது முப்பதை ஒட்டி இருக்கும். பெரும்பாலானவை ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பெயின்ட் பார்த்தவை.

படி 1: பிரித்துக் குவியலாக்குங்கள்

சேசிஸ், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிக்கும் கை), ஸ்டாண்ட் ஒரு குவியல். டாங்க் தனி. சைலன்சர், சிலிண்டர் போன்ற சூடாகும் பாகங்கள் இன்னொன்று. குரோம் பாகங்கள், போல்ட் நட்டுகள் கடைசி. பிரிக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

படி 2: பழைய பூச்சை எடுங்கள்

பூச்சு சீக்கிரம் உரிந்துவிட்டால் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவோம். பெரும்பாலும் குற்றவாளி, அடியில் விட்டுவைத்த துருவும் கிரீஸும்தான். சேசிஸ் மாதிரி கனமான இரும்புக்கு சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலை அடித்துச் சுரண்டுவது) நல்லது. டாங்க் மெல்லிய தகடு. அதே வேகத்தில் மணலை அடித்தால் நெளிந்துவிடும். அதற்கு பெயின்ட் ரிமூவரும் எமரி ஷீட்டும் போதும். பேரிங்கோடு இருக்கும் இன்ஜின் பாகத்தை மணலுக்குக் கொடுக்கவே கூடாது. ஆயில் போகும் துளைக்குள் சிக்கும் மணல் பிறகு இன்ஜினைத் தின்றுவிடும்.

பிளாஸ்டிங் முடிந்த இரும்பை வெறும் கையால் தொடாதீர்கள், விரல் பட்ட இடத்தில் துரு பூக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் அன்றைக்கே பிரைமர் (அடிப்பூச்சு) ஏறிவிட வேண்டும்.

படி 3: சேசிஸுக்கு பவுடர் கோட்டிங்

பவுடரை மின்னேற்றம் செய்து இரும்பில் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் உருக்குவார்கள். 60 முதல் 80 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) வரை கனமாக, கல்லடி தாங்கும் தோலாக அது நிற்கும். ஆனால் ஜன்னல் கிரில்லும் பீரோவும் செய்து பழகிய கடையில் பைக்கைக் கொடுக்கும்போது சில விஷயங்களை நாமேதான் சொல்ல வேண்டும்.

முதலில், பாலியெஸ்டர் பவுடர் கேளுங்கள். எபாக்ஸி பவுடர் துருவை நன்றாகத் தடுக்கும், வெயிலில் மட்டும் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் அடியில் எபாக்ஸி பிரைமர், மேலே பாலியெஸ்டர் என்று போடலாம்.

அப்புறம், ரப்பர் புஷ், பேரிங் எதையும் உள்ளே விடாதீர்கள். குழாய்க்குள் ஒளிந்திருக்கும் பழைய கிரீஸ் அடுப்பில் உருகி வழிந்து பூச்சில் குழி போடும். கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) உட்காரும் இடம், மரை (போல்ட் முறுக்கும் புரி), எர்த் வயர் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் மறைக்கச் சொல்லுங்கள். மரைகளில் பழைய போல்ட்டை முறுக்கிக் கொடுப்பது எளிய வழி. சேசிஸ் எண் மேல் கனமாக ஏற்றிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அச்சு எடுக்கும்போது தலைவலி. அந்த இடத்துக்கு மெல்லிய பெயின்ட் போதும்.

படி 4: டாங்குக்கு டூ-கே பியூ

ஒடுக்கெடுத்துப் பட்டி பார்த்த டாங்க் பவுடர் அடுப்புக்கு ஆகாது. சாதாரணப் பட்டி அந்தச் சூட்டில் விரிசல் விட்டுவிடும். இதற்கு ஏற்றது, இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கலந்து அடிக்கும் டூ-கே பியூ (இரு பகுதி பாலியூரித்தேன்) பெயின்ட். எபாக்ஸி பிரைமர், கலர், மேலே டூ-கே கிளியர் கோட் என்பது வரிசை.

சாதாரண ஸ்பிரே கேன் பெயின்ட் காய்ந்த பிறகும் பெட்ரோலில் கரையும். சந்தேகமா? ஒரு தகரத் துண்டில் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, பெட்ரோல் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். பஞ்சில் கலர் ஏறினாலோ, கட்டைவிரலால் தேய்த்தால் பிசுபிசுத்தாலோ அது டாங்குக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, நுரையீரலுக்குக் கேடு. தேய்த்து, பட்டி பார்ப்பது வரை நீங்கள் செய்துவிட்டு, ஸ்பிரே வேலையை பூத் வைத்திருக்கும் பெயின்டரிடம் விடுவதே புத்திசாலித்தனம். காலி டாங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கும் என்பதால் நெருப்பும் கிரைண்டரும் பக்கத்தில் வரக்கூடாது.

படி 5: சூடாகும் பாகங்கள்

கறுப்புச் சைலன்சர் வேண்டுமென்றால் 600 டிகிரி தாங்கும் சிலிகான் பெயின்ட். சாதாரண பிரைமர் கூடாது, வெறும் இரும்பின் மேல் மெல்லிசாக இரண்டு மூன்று கோட். இது சூட்டில்தான் முழுதாக இறுகும். கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு ஆறவிடுங்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாக. சிலிண்டர் ஃபின்னுக்கும் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) இதே பெயின்ட்தான், ஆனால் அழகுக்காகக் கனமாக ஏற்றினால் சூடு வெளியேறுவது குறையும்.

படி 6: குரோமும் போல்ட்டும்

குரோம் மட்கார்டைத் திரும்ப முலாம் பூசக் கொடுத்தால், நிக்கல் எவ்வளவு ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். மேலே தெரியும் குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, துருவைத் தடுப்பது அடியில் இருக்கும் நிக்கல்தான். ஃபோர்க் பைப்புக்கு இந்த அலங்காரக் குரோம் உதவாது, தேய்மானம் தாங்கும் கனமான ஹார்டு குரோம் வேண்டும். 'குரோம்' என்று எழுதி விற்கும் ஸ்பிரே வெறும் வெள்ளி நிறப் பெயின்ட், காசை மிச்சப்படுத்துங்கள். சின்ன போல்ட்டுகளுக்கு ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாக முலாம்) போதும். 10.9, 12.9 என்று தலையில் பொறித்த அதிக வலுவான போல்ட்டை மட்டும் பிளேட்டிங்குக்குக் கொடுக்காமல் புதிதாக வாங்குங்கள்; முலாம் போடும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன் அதை நொறுங்க வைத்துவிடலாம்.

படி 7: திரும்பப் பூட்டுவது

பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது. வயரிங் எல்லாம் சரியாக இருந்தும் ஹார்ன் அடிக்கவில்லை, இண்டிகேட்டர் எரியவில்லை என்றால் முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தை இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி மறுபடி முறுக்குங்கள்.