ஆபீஸ் ஆங்கிலம் எழுதிப் பழக கிராமரை எங்கிருந்து தொடங்குவது?

கிராமர் புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தவர்கள்கூட மேலாளருக்கு நாலு வரி மெயில் எழுத உட்கார்ந்தால் திணறுகிறார்கள். தமிழ் பேசுகிற நமக்கு ஆங்கிலத்தில் சறுக்குகிற இடங்கள் கொஞ்சம்தான், பெரும்பாலும் எல்லாருக்கும் அதே இடங்கள்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் டென்ஸ். "நேற்றே அனுப்பியிருக்கிறேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம், அதே பழக்கத்தில் "ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே" என்று எழுதிவிடுகிறோம். நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் அந்த ஹேவ் வரக்கூடாது. "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே" என்பதுதான் சரி. எப்போது என்று சொல்லாமல், வேலை முடிந்தது என்று மட்டும் தெரிவிக்க "ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட்". இன்னொன்று, "இரண்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்" என்பது. தமிழில் அது நிகழ்காலம் என்பதால் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று வந்து விழும். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்" என்று எழுத வேண்டும். எவ்வளவு காலம் என்றால் ஃபார், எப்போதிலிருந்து என்றால் சின்ஸ். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது கை பழகும்வரை எழுதிப் பாருங்கள்.

அடுத்து எ, ஆன், தி (a, an, the). உண்மையில் அதிக நாள் எடுப்பது இதுதான், ஏனென்றால் எந்த விதியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் ஒரு கேள்வி பாதிக்குமேல் காப்பாற்றும்: நான் எதைச் சொல்கிறேன் என்று படிப்பவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் எ, தெரியும் என்றால் தி. "ஐ அட்டெண்டட் எ மீட்டிங். தி மீட்டிங் எண்டட் அட் ஃபைவ்." எ-வா, ஆன்-ஆ என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உச்சரிப்பைக் கேளுங்கள்: ஆன் ஹவர், எ யூனிவர்சிட்டி, ஆன் எம்பிஏ. அப்புறம் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், எக்விப்மெண்ட் இவற்றின் பின்னால் எஸ் போடவே கூடாது.

டிஸ்கஸ் என்ற வினைக்குப் பின் அபவுட் வேண்டாம், எம்ஃபசைஸுக்குப் பின் ஆன் (on) வேண்டாம். "லுக் ஃபார்வர்ட் டு" என்று தொடங்கினால் அடுத்து ஹியர் (hear) அல்ல, ஹியரிங் (hearing).

கிராமர் சரியாக இருந்தும் கடிதம் எடுபடாமல் போவதற்குக் காரணம் அதன் வரிசை. நம் ஊர் விண்ணப்பத்தில் வணக்கம் சொல்லி, யார் என்று சொல்லி, குடும்ப நிலைமை சொல்லி, கடைசி வரியில்தான் கேட்பதைக் கேட்போம். ஆங்கில அலுவலகக் கடிதத்தில் அதைத் தலைகீழாக்குங்கள். "ஐ ஆம் ரைட்டிங் டு ரெக்வெஸ்ட் த்ரீ டேஸ் லீவ், ஃப்ரம் 10 டு 12 ஜூன்" என்று முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும், காரணம் அடுத்த வரியில், ஒரே வரியில். இப்படி நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, படிப்பவரின் நேரத்தை மதிப்பதுதான். "டூ தி நீட்ஃபுல்" என்று முடிக்காமல் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். டோன்ட், கான்ட் போன்ற சுருக்கங்களை டூ நாட், கனாட் என்று விரித்து எழுதுங்கள். டியர் சார் என்று தொடங்கினால் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி, பெயர் சொல்லித் தொடங்கினால் யுவர்ஸ் சின்சியர்லி. மெயிலுக்கு ரிகார்ட்ஸ் போதும்.

பழகுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி பழையது, அமெரிக்காவின் எழுத்தாளரும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதில் செய்தது. நல்ல கட்டுரை ஒன்றைப் படித்து, கருத்தை மட்டும் குறித்துக்கொண்டு, சில நாள் கழித்துத் தன் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். நீங்கள் ஆங்கில நாளிதழில் ஆசிரியருக்கு வரும் கடிதங்களை எடுத்துக்கொள்ளலாம், சின்னதாக இருக்கும், நடையும் அலுவலகக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள், அப்போதுதான் மூலத்தின் வாக்கியம் அப்படியே திரும்பி வராது. ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தாமல், ஒரு தடவை எ, தி மட்டும், இன்னொரு தடவை வினைச்சொற்கள் மட்டும் என்று பாருங்கள். திருத்தும் செயலிகளையும் பயன்படுத்தலாம், ஆனால் நீங்கள் திருத்தி முடித்த பிறகுதான். அது காட்டும் மாற்றத்துக்குக் காரணம் புரியவில்லை என்றால் அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்து, தெரிந்தவர் ஒருவரிடம் கேளுங்கள்.