கைமாற்றும் எண்ணத்தில் போட்ட கிரய ஒப்பந்தம் முறிந்தால்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கோ, சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மனைக்கோ முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் எழுதி, கெடுவுக்குள் வேறொருவருக்குக் கைமாற்ற எண்ணுபவர், அந்த ஒப்பந்தம் மட்டும் நிலத்தில் உரிமை எதையும் தராது என்பதை முதலில் உணர வேண்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே, மூன்றாம் நபரிடம் பணம் வாங்கும்போது தம்மிடம் இருப்பது ஒப்பந்தம் மட்டுமே என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். உரிமையாளர் போலக் காட்டிக்கொண்டு வாங்கினால், விவகாரம் மோசடிப் புகார் வரை போகக்கூடும்.

'தாங்களோ, தாங்கள் குறிப்பிடும் நபரோ' கிரயம் பெறலாம் என்ற வாசகத்தைச் சேர்த்து, ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் முறிந்தால் ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும்; இல்லையேல் வில்லங்கச் சான்றில் அது நிற்கும்.

விற்பவர் பின்வாங்கினால், மீதித் தொகையைச் செலுத்தத் தாம் தொடர்ந்து தயாராக இருந்ததை வங்கிக் கணக்கு, வக்கீல் நோட்டீஸ் ஆகியவற்றால் காட்ட வேண்டும். கெடுத் தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: கிரயம் செய்து தரும்படி மட்டும் கேட்டு, முன்பணத்தைத் திருப்பித் தரும்படி மாற்றுப் பரிகாரம் கோராவிட்டால், 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதை வழங்காது; அந்தக் கோரிக்கை விடுபட்டிருந்தால், வழக்கு நிலுவையில் இருக்கும்போதே மனுவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வாங்க ஆள் கிடைக்காமல் நீங்களே தவறினால் முன்பணம் பறிபோகக்கூடும். எவ்வளவு, எந்தச் சூழலில் என்பதைக் கையெழுத்திடும் முன்பே பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.