1752-க்கு முந்தைய தேதிகளா? கொஞ்சம் கவனம்

1600-களில் மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கம் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறீர்களா? ஊர்ப் பதிவேட்டில் பெற்றோருக்கு 1650 ஏப்ரலில் திருமணம், மூத்த பிள்ளை பிறந்தது 1650 பிப்ரவரி என்று இருந்தால் அவசரப்பட்டுக் கதை கட்டிவிடாதீர்கள். இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752-க்கு முன்பு புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஆக, அந்த பிப்ரவரி ஏப்ரலுக்குப் பத்து மாதம் பிந்தியது; நம் கணக்கில் அது 1651.

சில எழுத்தர்கள் 1650/51 என்று இரண்டு ஆண்டையும் எழுதி வைத்தார்கள். அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், திருத்தப் போகாதீர்கள். அப்புறம், பெயரில்லாமல் '12-ஆம் மாதம்' என்று மட்டும் இருந்தால் அது டிசம்பர் அல்ல, பிப்ரவரி. மார்ச்தான் முதல் மாதம். (லத்தீனில் செப்டம் என்றால் ஏழு, செப்டம்பர் ஒன்பதாவதாக நிற்பதுதான் வேடிக்கை!)

இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிகளில் இதைக் கவனிக்காமல் எழுதியவையும் உண்டு. சந்தேகம் வந்தால் மூலப் பதிவேட்டின் படத்தைப் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள பதிவுகளின் வரிசையை வைத்தே பெரும்பாலும் ஆண்டைப் பிடித்துவிடலாம்.