இரவை மட்டும் குறை சொல்லாதீர்கள்

தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால், காலை வெயிலைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில்.

உடலின் கடிகாரம் மூளையில் அரிசிமணி அளவே உள்ள ஒரு நரம்புக்கூட்டம். அதன் சுற்று பலருக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். அது கிடைக்காவிட்டால் தூக்க நேரம் மெல்ல மெல்லப் பின்னுக்கு நகரும்.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். நாம் இருக்கும் தீர்க்கரேகைப்படி கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 7 மணி நேரம்தான் முந்தியிருக்க வேண்டும். 1982 முதல் 8 மணி நேரம் முந்தி ஓடுகிறோம். அதனால் சூரியன் எழவே ஏழு மணி ஆகிறது. ஆறேகாலுக்குப் பள்ளிப் பேருந்துக்காகப் புளோக்குக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு அது இன்னும் ராத்திரிதான். பதின்ம வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே தாமதமாகும் என்பதால் அவர்களைச் சோம்பேறி என்று திட்டுவதும் தவறு. 2016இல் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 45 நிமிடம் தள்ளி வைத்தது. மாணவிகள் கூடுதலாகத் தூங்கினார்கள்.

பெரியவர்களோ கூரை போட்ட நடைபாதை, எம்ஆர்டி, அலுவலகம் என்று வெயில் படாமலே போய்ச் சேர்கிறோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; அலுவலக விளக்கு 500 லக்ஸ் தந்தாலே அதிகம். மேகம் மூடிய பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி இருபது நிமிடம் நடங்கள், கறுப்புக் கண்ணாடி போடாமல்.

இரவில் கைப்பேசியை மட்டும் திட்டுகிறோம். வரவேற்பறையின் வெள்ளை விளக்கும், இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற ஹார்மோனைத் தள்ளிப்போடும்.

"கோப்பி குடிச்சாலும் எனக்குத் தூக்கம் வரும்" என்பவர்கள் உண்டு. வரும்தான், ஆனால் ஆழம் குறையும். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் கோப்பி-ஓவில் பாதி, பத்து மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தே தாரிக்கும் விதிவிலக்கல்ல.

வாரநாள்களில் ஏழுக்கு எழுந்துவிட்டு ஞாயிறு பதினொன்று வரை படுப்பது, நம்மைவிட நான்கு மணி நேரம் பின்னால் இருக்கும் துபாய் நேரத்துக்கு மாறப் பார்ப்பதுபோல. திங்கள்கிழமை காலையில் அதன் வலி தெரியும். விட்ட தூக்கத்தைப் பிடிக்க ஒரு மணி நேரம் கூடுதலாகப் படுங்கள், போதும்.

இத்தனையும் சரியாக இருந்தும் பகலில் கண் சொக்கினால், பலத்த குறட்டையும் இருந்தால், அது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் மூச்சுத்தடையாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.