டொரான்டோ குழாய்த் தண்ணியும் புள்ளைங்க பல்லும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு ஃப்ளோரைடுன்னாலே ஒரு பயம் இருக்கும், எனக்கும் இருந்துச்சு. போர் தண்ணி குடிச்சு பல்லு பூரா பழுப்புக் கோடு விழுந்தவங்களோடதான் வளர்ந்தேன், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காகத்தானே வந்துச்சு. இங்க வந்து இறங்கின வாரத்துலயே, குழாய்த் தண்ணில ஃப்ளோரைடு கலப்பாங்கன்னு வீட்டு ஓனர் சொன்னதும் பக்குன்னு ஆயிடுச்சு, அன்னைக்கே பாட்டில் தண்ணிய கேஸ் கேஸா தூக்கிட்டு வந்துட்டேன்.

ஒரு வருஷம் கழிச்சு பையனுக்கு ரெண்டு கடவாப் பல்லுல சொத்தை. என்ன பேஸ்ட்னு டாக்டர் கேட்டாங்க. ஊர்ல இருந்து பெட்டில அடுக்கிட்டு வந்த மூலிகை பேஸ்ட், டியூப்பத் திருப்பிப் பார்த்தா ஃப்ளோரைடுங்கற வார்த்தையே இல்ல. ராத்திரி ஜூஸ் குடிச்சுட்டு அப்படியே தூங்குவான், அதையும் ஒத்துக்கிட்டேன்.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். டொரான்டோல 1963ல இருந்தே கலக்குறாங்க, லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் அளவுக்குத்தான். நம்ம ஊர் தர அளவே 1, வேற தண்ணி இல்லன்னா 1.5 வரைக்கும் விடுறாங்க, எங்க பக்கத்து போர்கள்ல பிரச்சனையே அதைத் தாண்டினதுதான். அந்தக் கறையும் ஈறுக்குள்ள பல்லு உருவாகுற சின்ன வயசுலதான் விழும், நமக்கெல்லாம் இனிமே வராது. இனிப்பு தின்னா வாயில இருக்கற கிருமி ஆசிட் விட்டு எனாமலைக் கரைக்கும், கரைஞ்ச இடத்துல கால்சியம் திரும்பப் படியறதுக்கு ஃப்ளோரைடு உதவி பண்ணும், அவ்வளவுதான் சங்கதி.

பழக்கதோஷத்துல ஆர்ஓ மாட்டிடாதீங்க, அது ஃப்ளோரைடையும் சேர்த்து எடுத்துரும். கொதிக்க வெச்சா போகாது. ஊருக்கு ஊர் வேற, வான்கூவர், மான்ட்ரியல்ல கலக்குறதில்ல, கால்கரில 2011ல நிறுத்திட்டு 2025ல திரும்ப ஆரம்பிச்சாங்க, அதனால வேற ஊருக்கு மாறினா விசாரிச்சுக்கோங்க.

பேஸ்ட் விளம்பரத்துல வர்ற மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்காதீங்க. மூணு வயசுக்குள்ள ஒரு அரிசி அளவு, ஆறு வரைக்கும் பட்டாணி அளவு, முழுங்காம பக்கத்துல நின்னு பாருங்க. தேய்ச்சதும் துப்பினா போதும், தண்ணி விட்டு அலசக்கூடாதாம். நாலு தடவ கொப்பளிச்சு காறித் துப்பலன்னா பல்லு வெளக்கின மாதிரியே இல்லியே, எனக்கு இன்னும் கை தானா டம்ளர் கிட்ட போகுது.

செலவு விஷயம். பல்லு அடைக்கிறதெல்லாம் ஓஹிப்ல, அதான் ஒன்டாரியோ மாகாண அரசோட மருத்துவக் காப்பீட்டுல, வராது. வருமானம் கம்மின்னா 17 வயசு வரைக்கும் புள்ளைங்களுக்கு ஹெல்தி ஸ்மைல்ஸ் ஒன்டாரியோ இருக்கு, இலவசம். பெரியவங்களுக்கு கனடா மத்திய அரசோட கனேடியன் டென்டல் கேர் பிளான், பல்லுக்கு ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கக் கூடாது, குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழ இருக்கணும், டாக்ஸ் ரிட்டர்ன் போட்டிருக்கணும். சம்பாத்தியமே இல்லன்னாலும் வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் ரெண்டு பேரும் ரிட்டர்ன் போடுங்க, நாங்க ஒருத்தர் மட்டும் போட்டுட்டு அலைஞ்சோம்.